இன்சுலினில் ஒரு போலி

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். இடைநிலைப்பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியன். அறிவியல் பேசப் போகிறேன் என்று சொன்னதும் சங்கச் செயலாளர் என் காதருகே வந்து, "சார், கொஞ்சம் பார்த்துப் பேசுங்க, பிள்ளைங்க இன்னும் பசியாறல" என்றார். ஆகவே அறிவியலை நான் தமிழ் இலக்கணத்திலிருந்து தொடங்குகிறேன். அது உங்கள் வீட்டுச் சரக்கு.

நம் இலக்கணத்தில் 'போலி' என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லில் ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பொருள் மாறாது. அறம் என்றாலும் அறன் என்றாலும் ஒன்றே. நிலம் என்றாலும் நிலன் என்றாலும் கால் வைத்து நிற்கிற மண்தான். பந்தல் 'பந்தர்' ஆகும். ஐந்து 'அஞ்சு' ஆகும். கடைக்காரரிடம் அஞ்சு ரிங்கிட் கொடுத்தால் அவர் குறைவாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் எல்லா எழுத்தையும் இப்படி மாற்ற முடியுமா? பள்ளியில் எழுத்தை மாற்றினால் பல்லி ஆகிவிடும். மலை மழையாகும். (நம் ஊரில் இரண்டும் எந்நேரமும் சேர்ந்தே இருப்பதால் நமக்கு வேறுபாடு தெரியாமல் போகலாம்!) எந்த எழுத்தை, எந்த இடத்தில், எதனால் மாற்றினால் பொருள் நிற்கும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு நம் உடம்புக்குள்ளும் இருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

நம் உடலில் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்வன புரதங்கள். இரத்தத்தில் காற்றைச் சுமப்பதும், சோற்றைச் செரிக்க வைப்பதும், காயத்தை ஆற்றுவதும் அவையே. ஒவ்வொரு புரதமும் ஒரு நீண்ட சரம். அச்சரத்தில் கோத்திருக்கும் மணிகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். இவை இருபது வகை. சில தண்ணீரோடு ஒட்டும். சில எண்ணெய்போல் தண்ணீரைக் கண்டால் விலகும். சிலவற்றுக்கு மின்னூட்டம் உண்டு. சில பருமனானவை, சில மிகச் சிறியவை. இவற்றைத்தான் நான் எழுத்துகள் என்கிறேன்.

இடையில் ஒரு செய்தி. நீங்கள் நாள்தோறும் கையில் தொடும் தேயிலைக் கொழுந்தில் தியனின் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. பச்சைத் தேயிலைக்குள்ள தனிச் சுவையில் அதற்கு நல்ல பங்கு உண்டு. அது வேரில் உருவாகி இளந்தளிருக்கு ஏறி வருகிறது. ஆனால் அது எந்தப் புரதத்திலும் எழுத்தாகச் சேர்வதில்லை. இருபது பேர் பெயரெழுதிய பிரட்டில் பெயரில்லாமல் தனியே நிற்கும் ஆள் அது. சரி, பேச்சுக்கு வருவோம்.

சரம் நீண்டு கிடந்தால் வேலை நடக்காது. அது மடிந்து சுருண்டு ஒரு வடிவம் எடுக்க வேண்டும். இரசத்தில் எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று தேடிச் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் எண்ணெய்க் குணமுள்ள மணிகள் உள்ளே ஒதுங்கிக்கொள்கின்றன; தண்ணீர்க் குணமுள்ளவை வெளியே நிற்கின்றன. இப்படி மடிந்த வடிவத்தில்தான் புரதத்தின் வேலை இருக்கிறது. வடிவம் கெட்டால் வேலையும் கெட்டது. அவித்த முட்டை மறுபடி பச்சை முட்டையாக ஆவதில்லை அல்லவா? அதில் மணிகள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. வடிவம் மட்டுமே போய்விட்டது.

இந்த வடிவங்களுக்கு விதி கண்டவர்களில் நம் சென்னையைச் சேர்ந்த கூட்டம் ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி. என். இராமச்சந்திரன் 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தை வெளியிட்டார். தோல், எலும்பு, தசைநார் இவற்றையெல்லாம் கட்டி நிறுத்தும் புரதம் அது. மூன்று சரங்கள் கயிறுபோல் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். அக்கயிற்றில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசினாகவே இருக்க வேண்டும். ஏன்? முறுக்கின் நடுவில் இடமே இல்லை. இருபதிலும் மிகச் சிறிய மணி கிளைசின். அது ஒன்றுதான் அந்த நெருக்கடியில் நுழையும். மற்ற இரண்டு இடங்களிலும் பல மணிகள் மாறி மாறி வரலாம்; ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் அந்தக் கிளைசின் இடத்தில் பெரிய மணி ஒன்று வந்துவிட்டால் கயிறு அவ்விடத்தில் புடைத்துவிடும். அப்படிப் பிறந்த குழந்தைகள் சிலருக்குத் தடுக்கி விழுந்தாலே எலும்பு முறியும். 1963-இல் இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் புரதச் சரம் எப்படியெல்லாம் வளையலாம், எப்படி வளையக் கூடாது என்று ஒரு வரைபடமே போட்டுத் தந்தார்கள். இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவம் கண்டாலும் அது சரியா என்று பார்க்க 'இராமச்சந்திரன் வரைபடம்' எடுக்கிறார்கள். கணினி வசதி இல்லாத காலத்தில் கிண்டியில் உட்கார்ந்து செய்த வேலை இது. நோபெல் பரிசு அவருக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இனிப்பு நீர். இந்த மண்டபத்தில் அந்த நோய் இல்லாத குடும்பம் எது என்று கேட்டால் கை தூக்குபவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களிடையேதான் மிகுதி. அவர்களில் பலர் மாத்திரையோடு நின்றுவிடுகிறார்கள். ஊசி என்று மருத்துவர் சொன்னதும், "அவ்வளவுதான், முடிஞ்சது" என்று வீட்டில் ஒரு துக்கம் விழுந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி ஊசியை நிறுத்திவிட்டார். ஏன் பாட்டி என்று கேட்டேன். "அது மாட்டுல இருந்து எடுக்கிறாங்களாம் ஐயா. நான் சாமி கும்பிடுறவ. செத்தாலும் பரவாயில்ல" என்றார். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மாவுக்கு வேறு பயம். அது பன்றியிலிருந்து வருவது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இருவரும் சொன்னது முற்றிலும் கற்பனை அல்ல. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தக் கதையை முழுதாகத் தெரிந்துகொண்டால் பயம் எங்கே பழையது என்று உங்களுக்கே விளங்கும்.

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 சனவரியில் லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அது முதன்முதலில் போடப்பட்டது. அதற்கு முன் அந்த வகை இனிப்பு நீர் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகி இறந்துபோனார்கள். பிழைக்க வைத்த மருந்து எங்கிருந்து வந்தது? இறைச்சிக் கூடங்களில் கிடைத்த மாட்டுக் கணையத்திலிருந்தும் பன்றிக் கணையத்திலிருந்தும். போர்க்காலத்தில் ஜப்பானில் மீனிலிருந்துகூட எடுத்தார்கள்.

இங்கேதான் போலி வருகிறது. பன்றியின் இன்சுலின் மனிதனுக்கு எப்படி வேலை செய்தது? இங்கிலாந்தில் பிரெடரிக் சாங்கர் என்பவர் பல ஆண்டுகள் பாடுபட்டு இன்சுலினின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அதற்காக 1958-இல் நோபெல் பரிசு பெற்றார். மொத்தம் 51 எழுத்து. 21 மணிகள் கொண்ட சரம் ஒன்று, 30 மணிகள் கொண்ட சரம் ஒன்று, இரண்டையும் பிணைக்கும் கந்தகக் கொக்கிகள். மனிதனுக்கும் பன்றிக்கும் அதில் எத்தனை எழுத்து வேறுபாடு தெரியுமா? ஒன்றே ஒன்று! நீளச் சரத்தின் கடைசி மணி நமக்குத் திரியோனின், பன்றிக்கு அலனின். இலக்கணத்தில் சொன்னால் சுத்தமான கடைப்போலி. மாட்டுக்கு அந்த ஒன்றோடு குட்டைச் சரத்தில் இன்னும் இரண்டு, ஆக மூன்று வேறுபாடு.

அந்தக் கடைசி மணி இன்சுலினின் பூட்டைத் திறக்கும் பற்களில் ஒன்று அல்ல. அதை வெட்டி எறிந்துவிட்டாலும் இன்சுலின் வேலை செய்கிறது. மாட்டினுடைய மற்ற இரண்டு மாற்றங்கள் வெளிப்புறத்தில் இருப்பவை, வேலை கெடவில்லை. ஆனால் நம் உடம்பின் காவல்காரன் அதைப் பார்த்து "இது வெளியாள்" என்று எதிர்ப்பைக் கிளப்புவது பன்றி இன்சுலினைவிட அதிகமாக இருந்தது. கொக்கி போடும் மணிகளோ எல்லா விலங்குக்கும் அதே இடத்தில் அப்படியே நிற்கின்றன. அங்கே கை வைத்தால் வீடே சரிந்துவிடும்.

1969-இல் டோரத்தி ஹாட்ஜ்கின் அம்மையாரின் ஆக்ஸ்போர்டு குழு இன்சுலினின் முழு வடிவத்தைக் கண்டது. அக்குழுவில் இருந்தவர்களில் ஒருவர் எம். விஜயன், பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர்.

பிறகு காலம் மாறிற்று. 1980-களின் தொடக்கத்தில் பன்றி இன்சுலினை எடுத்து அந்தக் கடைசி அலனினை மட்டும் கழற்றித் திரியோனினைச் செருகி மனித இன்சுலினாக மாற்றினார்கள். அதே காலத்தில் இன்னொரு வழியும் வந்தது. மனித இன்சுலினுக்குரிய கட்டளையை நுண்ணுயிருக்குள் வைத்து, அதையே சமைக்கச் சொன்னார்கள். 1982-இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. இன்று நம் மருந்தகங்களில் வழக்கமாகக் கொடுக்கப்படும் இன்சுலின் இப்படி பாக்டீரியாவிலோ, ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்டின் இனத்திலோ விளைவிக்கப்படுவது. பெங்களூரைச் சேர்ந்த பயோகான் நிறுவனம் நம் ஜொகூரிலேயே அதற்கு ஓர் ஆலை வைத்திருக்கிறது. நான் அந்தப் பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப மாடு இல்லையா?" என்றார். இல்லை பாட்டி என்றேன். "பன்னியும் இல்லையா?" இல்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இதை முன்னாலேயே யாரும் சொல்லலியே" என்றார். மறுவாரமே ஊசியைத் தொடங்கினார். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவும் பதில் சொல்லவும் ஆள் இல்லாமல் எத்தனை பேர் கால் விரலை இழந்தார்களோ என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இயற்கை செய்த போலியைப் பார்த்து மனிதனும் வேண்டுமென்றே எழுத்து மாற்றத் தொடங்கினான். சாதாரண இன்சுலின் குப்பிக்குள் ஆறு ஆறாகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். தோலுக்கடியில் போனபின் அந்தக் கட்டு அவிழ்ந்து ஒவ்வொன்றாகப் பிரிந்தால்தான் இரத்தத்தில் சேரும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடச் சொன்னார்கள். நீளச் சரத்தில் 28-ஆவது மணி புரோலின், 29-ஆவது லைசின். இவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்தார்கள், அவ்வளவே. பூட்டைத் திறக்கும் பற்கள் அப்படியே இருக்கின்றன. கட்டிப்பிடிக்கும் பழக்கம் மட்டும் தளர்ந்துவிட்டது. 1996-இல் வந்த லிஸ்புரோ இன்சுலின் இதுதான். சாப்பிட உட்காரும்போது போட்டால் போதும். 28-ஆவது புரோலினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலத்தை வைத்தது இன்னொன்று. அதன் பெயர் அஸ்பார்ட்.

எதிர்ப்பக்கம் யோசித்தவர்களும் உண்டு. கிளார்ஜின் என்ற இன்சுலினில் குட்டைச் சரத்தின் கடைசி மணியைக் கிளைசினாக்கி, நீளச் சரத்தின் முனையில் இரண்டு ஆர்ஜினின் மணிகளைக் கூடுதலாகக் கோத்தார்கள். குப்பிக்குள் புளிப்பான நீரில் அது தெளிவாகக் கரைந்திருக்கும். தோலுக்கடியில் புளிப்பு நீங்கியதும் சிறு கட்டியாக உறைந்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் மெல்ல மெல்லக் கரைந்து வரும்.

எல்லா மாற்றமும் இப்படி நல்லதாக முடிந்ததா? இல்லை. நீளச் சரத்தின் 10-ஆவது மணியை மாற்றிய ஓர் இன்சுலின் மிக வேகமாக வேலை செய்தது. பூட்டை அது அளவுக்கு மீறி இறுகப் பிடித்தது. எலிகளில் மார்புக் கட்டிகள் தோன்றவே அதைக் கைவிட்டார்கள். ஜப்பானில் வக்கயாமா என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் ஓர் இன்சுலின் உண்டு. சில குடும்பங்களில் பிறவியிலேயே வரும் மாற்றம் அது. குட்டைச் சரத்தின் மூன்றாவது மணியான வாலினுக்குப் பதில் லூசின். இவை இரண்டும் ஒட்டிப் பிறந்த உடன்பிறப்புகள் மாதிரி. இரண்டுமே எண்ணெய்க் குணம், அளவில் சிறு வேறுபாடுதான். யாராக இருந்தாலும் "இது சரியான போலி" என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த இடம் பூட்டுக்குள் நுழையும் பல். வேலைத்திறன் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. ஒத்த குணம் மட்டும் போதாது. நிற்கிற இடமும் பார்க்க வேண்டும்.

வெளிப்புறம் என்றால் ஆபத்தில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். இரத்தத்திற்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினில் 146 மணிகள் கொண்ட ஒரு சரம் உண்டு. அதன் ஆறாவது மணி குளுட்டாமிக் அமிலம், தண்ணீரோடு பழகுவது. சிலருக்கு அங்கே வாலின் வந்து நிற்கிறது. எண்ணெய்க் குணமுள்ள அது வெளியே துருத்திக்கொண்டு பக்கத்து ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். இப்படிச் சங்கிலி போட்டு அடுக்கி, சிவப்பணுவையே அரிவாள்போல் வளைத்துவிடும். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரி மலைப் பழங்குடியினரிடம் இந்தக் கூறு இருப்பதை எழுதினார்கள். அதே ஆண்டு அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இந்நோய் கண்டு எழுதப்பட்டது. நம்மைப்போல் கொழுந்து பறித்தவர்கள்!

நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது வேறொன்று. அதே சரத்தின் 26-ஆவது மணியான குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் நிற்பது. ஹீமோகுளோபின் ஈ என்பார்கள். மலாய்க்காரரிடமும் ஓராங் அஸ்லி மக்களிடமும் இது பரவலாக உண்டு. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பிள்ளை நன்றாகவே ஓடியாடும். ஆனால் இதைச் சுமப்பவரும் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவரும் மணந்துகொண்டால், பிறக்கும் பிள்ளைக்குக் கடும் இரத்தச்சோகை வர வாய்ப்புண்டு. 2016 முதல் படிவம் நான்கு மாணவர்களுக்குப் பள்ளியிலேயே தலசீமியா சோதனை நடத்தி வருகிறார்கள். அதற்கான கடிதம் வீட்டுக்கு வரும்போது, "எதுக்கு இரத்தம் எடுக்கிறாங்க, நம்ம பிள்ளைக்கு என்ன குறை" என்று பெட்டிக்குள் போட்டுவிடாமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஊசி போடுபவர்களுக்கு இரண்டு மூன்று வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

உங்கள் கையில் இருப்பது எந்த இன்சுலின் என்று மருந்தாளரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறிய அளவில் அதன் நேரமே மாறிவிடுகிறது என்று பார்த்தோம். வேக இன்சுலினைப் போட்டுவிட்டு, "பிரட்டு முடிஞ்சு வந்து பசியாறிக்கலாம்" என்று மலை ஏறிவிட்டால் பாதிச் சரிவில் கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். அப்படி ஒருவர் உட்கார்ந்துவிட்டால் "குளிர் ஒத்துக்கல" என்று விட்டுவிடாதீர்கள். நினைவு இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மேலே நிரை பிடிக்கும் ஆள் எவரிடமும் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.

கலங்கல் இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. கிளார்ஜின் தெளிவாகவே இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் போடாதீர்கள். அதை வேறு இன்சுலினோடு ஒரே ஊசியில் சேர்க்கவும் கூடாது. புளிப்பு குறைந்தால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். இன்னும் திறக்காத குப்பி குளிர்ப்பெட்டியில் இருக்கட்டும், ஆனால் ஐஸ்கட்டி வைக்கும் தட்டில் வேண்டாம். உறைந்துபோன இன்சுலின் உருகியபின் பார்க்கத் தண்ணீர்போலத்தான் இருக்கும், வடிவம் போயிருக்கும். கேமரன் மலைதான் குளிராக இருக்கிறதே என்று அடுப்பங்கரை அலமாரியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். விறகடுப்போ கேஸ் அடுப்போ, அதன் பக்கம் வேண்டாம்.

பரிசு வாங்கும் பிள்ளைகள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். கேள்வி உள்ளவர்கள் தேத்தண்ணி குடிக்கும்போது என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.